மண் தந்த மருந்து

கொல்லிமலையின் அடிவாரத்தே விரிந்து கிடக்கும் நாமக்கல் சமவெளி, முன்னர்ச் சேலம் மாவட்டத்தின் பகுதியாய் இருந்து, 1997-ஆம் ஆண்டில் தனி மாவட்டமாயிற்று. புன்செய் நிலங்களிடையே கோழிப்பண்ணைகள் இங்கு நிரைநிரையாக நிற்கின்றன. இவ்வூர் முட்டை சத்துணவுக் கூடங்களில் பள்ளிச் சிறார்க்கு உணவாகின்றது. பண்ணையிற் சேரும் எரு வயல்களுக்கு உரமாகின்றது. கோழி வளர்ப்பும் உழவும் ஒன்றையொன்று தாங்கி நிற்றல் போற்றத்தக்கதே.

அவ்வயலின் மண்ணில் கண்ணுக்குப் புலனாகாத குடியொன்று வாழ்கின்றது. ஒரு கிராம் வளமான மண்ணில் பல கோடி நுண்ணுயிர்கள் உள. இலையையும் சருகையும் மட்கச் செய்து பயிர்க்கு உணவாக்குவன அவையே. அவற்றுட் சில, தம் பகையை அடக்க நஞ்சு சுரக்கும். அந்நஞ்சே மனிதர்க்கு மருந்தாயிற்று. காசநோயைத் தணித்த ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல் மண்வாழ் நுண்ணுயிரிடமிருந்து கிடைத்தது. ஜப்பானில் கண்டறியப்பட்ட கொலிஸ்டினும் அத்தகையதே. பிற மருந்துகள் தோற்றவிடத்து மருத்துவர் கடைசித் துணையாகக் கொள்வது அது.

அத்தகைய மருந்தைக் கோழிகள் விரைந்து வளரும் பொருட்டுத் தீவனத்திற் கலக்கும் வழக்கம் நம் நாட்டிலும் புகுந்தது. சிற்றளவு மருந்தால் வலியற்ற நுண்ணுயிர்கள் மாயும். தாங்க வல்லவை பிழைத்துப் பெருகும். அவை எச்சத்தின் வழியே எருவையும், எருவின் வழியே வயலையும் நீரையும் அடையும். அன்றியும், அத்தாங்கும் திறனை ஒரு நுண்ணுயிர் வேறினத்து நுண்ணுயிர்க்கும் ஈய வல்லது. கொலிஸ்டினை வெல்லும் திறன் இங்ஙனம் கைமாறுதலைச் சீன நாட்டு அறிஞர் 2015-இல் உலகிற்கு உணர்த்தினர். பன்றிகளிடத்தும் நோயாளரிடத்தும் அதனை அவர்கள் கண்டனர்.

ஆதலின், உணவுக்காக வளர்க்கும் உயிர்களுக்கென அம்மருந்தைச் செய்தலையும் விற்றலையும் இந்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது.

சட்டம் மட்டும் போதுமோ? பண்ணையின் தூய்மையும், தூய குடிநீரும், தடுப்பூசியும் நோயை வருமுன் காக்கும். நோய் வந்துற்றால் கால்நடை மருத்துவர் சொற்படியே மருந்து கொடுத்தல் வேண்டும். எருவை நன்கு மட்கச் செய்த பின்னரே வயலுக்கு இடுதல் நலம். இல்லத்தாரும் முட்டையை நன்கு வேகவைத்து உண்ணுதலும், மருத்துவர் குறித்த மருந்தைக் குறித்த நாள்வரை உட்கொள்ளுதலும் கடனாகும்.

குருதியில் நோய்க்கிருமி பரவிய பச்சிளங்குழந்தைக்கு ஒரு மருந்தே எஞ்சியிருக்கும் இரவும் வரும். அவ்விரவில் அது பயன்பட வேண்டுமாயின், இன்று அதனை வீணாக்கலாகாது அன்றோ?