இருத்தலியல்: விரக்தியின் தத்துவமா?

"வாழ்க்கைக்கு அர்த்தமே கிடையாது, எதைச் செய்தால் என்ன?" இருத்தலியல் சொல்வது இதுதான் என்று நம்புகிறவர்கள் பலர். பாரிஸ் காபிக்கடை, சிகரெட் புகை, சோர்ந்த முகம் என்று ஒரு படமும் கூடவே மனத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தக் குற்றச்சாட்டு 1940களிலேயே எழுந்ததுதான். அதற்குப் பதில் சொல்லவே 1945 அக்டோபர் 29 அன்று பாரிஸில் பிரெஞ்சுத் தத்துவவாதி ழான்-பால் சார்த்தர் மேடையேறினார். அங்கே அவர் தன் மாணவர் ஒருவரைப் பற்றிச் சொன்னார். பிரான்ஸ் ஜெர்மானியர் பிடியில் இருந்த காலம். மாணவரின் அண்ணன் 1940 ஜெர்மானியத் தாக்குதலில் இறந்துவிட்டார். அம்மாவுக்கு இந்த இளைஞர்தான் ஒரே ஆறுதல். இங்கிலாந்துக்குப் போய்ச் சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்வதா, அம்மாவோடு இருப்பதா? அயலாரை நேசி என்கிறது கிறித்தவம். யார் அந்த அயலார், அம்மாவா, போரிடும் தோழர்களா? எந்த நூலிலும் விடையில்லை. 'நீ சுதந்திரமானவன், நீயே தேர்ந்தெடு' என்பதே சார்த்தரின் பதில்.

கைகழுவிவிட்டார் என்று தோன்றலாம். அப்படியல்ல. யாரிடம் யோசனை கேட்பது என்று முடிவெடுக்கும்போதே ஒருவர் பாதி தேர்ந்தெடுத்துவிடுகிறார் என்பது அவர் வாதம். அவர் தந்த உதாரணம் இது: காகிதம் வெட்டும் கத்திக்கு, அது செய்யப்படும் முன்பே பயன் தீர்மானமாகிவிடுகிறது. மனிதரோ முதலில் இருக்கிறார். தாம் யார் என்பதைச் செயல்களால் பிறகு உருவாக்கிக்கொள்கிறார். தமக்காகத் தேர்பவர் எல்லோருக்குமான முன்மாதிரியையும் தேர்கிறார் என்றார் சார்த்தர். மனம்போன போக்கில் வாழ அனுமதி தரும் தத்துவம் இவ்வளவு பெரிய சுமையைத் தோளில் ஏற்றுமா?

இருத்தலியல் நாத்திகர்களின் கண்டுபிடிப்பு என்பதும் தவறு. சார்த்தரின் உரைக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1843இல், கோபன்ஹேகனில் தத்துவவாதி சோரன் கீர்க்கெகார்ட் 'அச்சமும் நடுக்கமும்' நூலை வெளியிட்டார். மகனைப் பலியிடச் சொல்லும் கடவுளின் கட்டளைக்கு முன் ஆபிரகாம் தன்னந்தனியாக நிற்பதுதான் அதன் மையம். கீர்க்கெகார்ட் ஆழ்ந்த கிறித்தவர். 1940களில் சார்த்தருக்கு 'இருத்தலியலாளர்' என்ற பெயரைச் சூட்டிய தத்துவவாதி கப்ரியேல் மார்செல் கத்தோலிக்கர். சார்த்தர் முதலில் அதை ஏற்கவில்லை. எழுத்தாளர் ஆல்பெர் காம்யுவும் 1945இல் தாம் இருத்தலியலாளர் அல்ல என்று மறுத்தார்.

இருத்தலியலை விரக்தி என்று ஒதுக்குகிறவர்கள் பிரெஞ்சுத் தத்துவவாதி சிமோன் தெ பொவ்வாரை வாசிக்க வேண்டும். மனித சாரம் பிறப்பிலேயே வகுக்கப்படவில்லை என்றால், 'பெண்ணின் இயல்பு' மட்டும் எப்படி வகுக்கப்பட்டிருக்கும்? 1949இல் வெளிவந்த 'இரண்டாம் பாலினம்' இந்தக் கேள்வியை வீடு, திருமணம், தாய்மை, உழைப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்துச் செல்கிறது. 1956இல் வத்திக்கான் அதைத் தடைநூல் பட்டியலில் சேர்த்தது.