எட்டயபுரத்தில் ஒரு நாள்

பத்தாம் வகுப்புத் தமிழ் மன்ற மாணவியராகிய நாங்கள் முப்பத்திரண்டு பேர், தமிழாசிரியையுடன் ஒரு சனிக்கிழமை அதிகாலையில் எட்டயபுரம் புறப்பட்டோம். கோவில்பட்டியைக் கடந்ததும் சாலையின் இருபுறமும் கரிசல் மண் விரிந்து கிடந்தது.

முதலில் மகாகவி பிறந்த இல்லத்திற்குச் சென்றோம். 1882 டிசம்பர் 11 அன்று சின்னச்சாமி ஐயருக்கும் லட்சுமி அம்மாளுக்கும் மகனாகச் சுப்பிரமணியன் பிறந்தது இங்கேதான். ஐந்து வயதில் தாயை இழந்ததும், பதினோராம் வயதில் 'பாரதி' என்ற பட்டம் பெற்றதும் நாங்கள் பாடத்தில் படித்தவையே. ஆனால் 1897 இல் நடந்த திருமணத்தைப் பற்றி ஆசிரியை கூறியபோது திகைத்துப் போனோம். மணமகனுக்கு வயது 14. கடையத்தைச் சேர்ந்த மணமகள் செல்லம்மாளுக்கு வயது 7! நம் பள்ளியில் அது இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் வயது.

'சீறாப்புராணம்' பாடிய உமறுப்புலவரின் அடக்கத்தலமும், 1835 இல் மறைந்த இசைமேதை முத்துசுவாமி தீட்சிதரின் சமாதியும் இவ்வூரிலேயே உள்ளன. இவ்வளவு சிறிய ஊருக்கு இத்தனை பெருமையா என்று வியந்தோம்.

பாரதி மணிமண்டபத்தை நாங்கள் அடைந்தபோது நல்ல வெயில். எழுத்தாளர் கல்கியின் பெருமுயற்சியால், மக்கள் கொடுத்த நன்கொடையைக் கொண்டு எழுந்த மண்டபம் இது. 1945 இல் அடிக்கல் நாட்டியவரும் 1947 இல் திறந்து வைத்தவரும் ராஜாஜியே. அருகில் ஒரு மரநிழலில் புளியோதரைப் பொட்டலங்களைப் பிரித்தோம். எங்களுள் ஒருத்தி மட்டும் சாப்பிடவில்லை.

"டீச்சர், அவர் போன பிறகு செல்லம்மாள் என்ன செய்தார்கள்?" என்று கேட்டாள்.

1921 இல் கணவர் மறைந்தபின், 'பாரதி ஆசிரமம்' என்னும் பெயரில் அவருடைய பாடல்களை நூல்களாக வெளியிட முன்வந்தவர் செல்லம்மாளே என்றும், 1951 இல் திருச்சி வானொலியில் தம் கணவரைப் பற்றி உரையாற்றினார் என்றும் ஆசிரியை விளக்கினார். "கணவருக்காக மட்டுமா டீச்சர்?" என்று அவள் மறுபடியும் கேட்டாள். ஆசிரியை உடனே பதில் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் பேருந்தில் எல்லோரும் பாடிக்கொண்டு வந்தோம். அவள் எங்கள் நால்வரிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள். தேர்வு முடிந்ததும் படிப்பை நிறுத்திவிடுவதாக வீட்டில் முடிவாகிவிட்டதாம், மாப்பிள்ளையும் பார்த்தாயிற்றாம். பெயரை எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. ஆசிரியையிடம் சொல்ல மட்டும் சம்மதித்தாள்.

அடுத்த ஞாயிறு மாலை ஆசிரியை அவள் வீட்டிற்குச் சென்றார். நாங்கள் நால்வரும் உடன் சென்றோம். அவள் அப்பா எங்களுக்குக் காப்பி கொடுத்தார். "யோசிக்கிறேன்" என்றார்.