தேயாத டயரும் வெடிக்கலாம்

அமெரிக்காவில் விடுமுறைப் பயணம் செல்வோர் பலர், படுக்கையும் சமையலறையும் கொண்ட வீட்டு வண்டியைத் தம் வாகனத்தின் பின்னால் கட்டி இழுத்துச் செல்கின்றனர். 3, 4 டன் எடையுள்ள பெரிய வண்டிகளும் உண்டு. அத்தனை சுமையைத் தாங்கும் டயர்களின் நிலையை எவ்வாறு அறிவது?

முதலில், தேய்வு எங்கே உள்ளது எனப் பார்க்க வேண்டும். காற்று குறைந்தால் டயரின் நடுப்பகுதி உள்வாங்கும். ஓரங்கள் சுமையை ஏற்றுத் தேயும். காற்று மிகுந்தால் நடுப்பகுதி தேயும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அச்சு வளைந்திருக்கலாம்.

அடுத்தது ஆழம். டயரின் பள்ளங்களுக்குள் சுமார் 1.6 மி.மீ. உயரமுள்ள சிறு மேடுகள் இருக்கும். மேற்பரப்பு தேய்ந்து இவற்றோடு சமமானால் டயரை மாற்றியாக வேண்டும்.

இவை மட்டும் போதுமா? போதா! இவ்வண்டிகள் பல மாதங்கள் வெயிலில் சும்மா நிற்பவை. எனவே பள்ளங்கள் ஆழமாகவே இருக்கும். ஆனால் ஓசோனும் புறஊதாக் கதிர்களும் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளைத் துண்டித்துவிடும். பக்கச் சுவரில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். ஓடும்போது ஒவ்வொரு சுற்றிலும் டயர் நசுங்கி மீள்வதால் வெப்பம் பிறக்கிறது. காற்று குறைந்திருந்தால் வெப்பம் இன்னும் மிகும். வலுவிழந்த டயர் இதைத் தாங்காமல் வெடிக்கலாம்.

ஆகவே டயரின் வயதையும் பார்க்க வேண்டும். பக்கச் சுவரில் ‘டி.ஓ.டி.’ என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி 4 இலக்கங்கள் அதைச் சொல்லும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள்.

அப்படியானால், 0524 எதைக் குறிக்கும்? நீங்களே சொல்லுங்கள், பார்ப்போம்!