3060-ஆ, 4060-ஆ? யுபிஎஸ் தாங்குமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் இன்ஜினியர்களுக்கு வீட்டு எலிவேஷனும் வாக்த்ரூ வீடியோவும் செய்து கொடுக்கிறேன். வேலையெல்லாம் பிளெண்டரில்தான். ரைசன் 5 3600 பிராசஸர், பி450 போர்டு, ஜிடிஎக்ஸ் 1650 கார்டு வைத்திருக்கிறேன். இப்போது வீட்டோடு தோட்டம், மரம், புல்வெளி எல்லாம் சேர்த்துக் கேட்கிறார்கள். 4 ஜிபி கார்டு திணறுகிறது. கடைக்காரர், "ஆர்டிஎக்ஸ் 4060 எடுத்துக்கோங்க தம்பி, 115 வாட்தான், கரண்ட் பில் பாதியா குறையும்" என்கிறார். நண்பரோ, "3060-இல் கோரும் அதிகம், மெமரியும் அதிகம், செகண்ட் ஹேண்டில் வாங்கு" என்கிறார். ஆனால் அது 170 வாட். என்னிடம் இருப்பது 600 விஏ யுபிஎஸ். இரவில் கொஞ்ச நேரம் கேமும் ஆடுவேன். எதை வாங்கட்டும், ஐயா?

பதில்: உங்கள் வேலைக்கு 12 ஜிபி மெமரி உள்ள 3060-ஐ வாங்குங்கள். இதைச் சொல்லும்போதே ஒன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். வேகத்திலும் மின்சாரத்திலும் 4060 அதைவிட நல்ல கார்டு. கடைக்காரர் சொன்னதில் பில் பாதியாகும் என்பது மட்டும்தான் தவறு. நண்பர் சொன்னதில் கோர் எண்ணிக்கை சரி, ஆனால் அதை வைத்து வேகத்தை ஒப்பிடுவது தவறு; மெமரி கணக்கு சரி.

முதலில் கோர். 2021 பிப்ரவரியில் வந்த 3060-இல் 3,584 கோர்கள். 2023 ஜூனில் வந்த 4060-இல் 3,072தான். ஆனால் ஒவ்வொரு கோரும் எத்தனை வேகமாகத் துடிக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 3060-இன் பூஸ்ட் வேகம் 1,777 மெகாஹெர்ட்ஸ், 4060-க்கு 2,460. கோரையும் வேகத்தையும் பெருக்கினால் 4060 சுமார் 19 சதவீதம் முன்னால் நிற்கிறது. 1080பி கேம்களில், ஃப்ரேம் ஜெனரேஷன் இல்லாமல், சராசரியாக 20 சதவீதம் கூடுதல் வேகம் என்று என்விடியா சொன்னதும் கிட்டத்தட்ட இதே அளவுதான். பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரில் இந்த இடைவெளி இன்னும் அதிகம். தலைமுறை மாறிய கார்டுகளைக் கோர் எண்ணி ஒப்பிடவே கூடாது.

கூடுதல் வேகத்தைக் குறைந்த வாட்டில் தருவது எப்படி? பெரும்பகுதி சிப் தயாரிக்கும் முறையில் இருக்கிறது. 3060-இன் சிப் சாம்சங்கின் 8 நானோமீட்டர் முறையில் ஆனது. 276 சதுர மில்லிமீட்டரில் 1,200 கோடி டிரான்சிஸ்டர்கள். 4060-இன் சிப்பை டிஎஸ்எம்சி தனது 4என் முறையில் செய்தது. வெறும் 159 சதுர மில்லிமீட்டரில் 1,890 கோடி. டிரான்சிஸ்டர் சிறுத்தால் அதை அணைத்து ஏற்றுவதற்கு ஆகும் மின்சாரமும் குறைகிறது. இன்னொரு காரணம் அதிகம் பேசப்படுவதில்லை. சிப்புக்குள்ளேயே இருக்கும் எல்2 கேஷ், 3060-இல் 3 எம்பி, 4060-இல் 24 எம்பி. தேவையான தகவல் பக்கத்திலேயே கிடைத்தால் வெளியே இருக்கும் மெமரி சிப் வரை போய்வர வேண்டியதில்லை, அந்தப் போக்குவரத்துக்கான மின்சாரமும் மிச்சம். அதனால்தான் மெமரிப் பாதையை 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகச் சுருக்கியும் 4060 ஓடுகிறது.

இனி பில். இரண்டுக்கும் வித்தியாசம் 55 வாட். பவர் சப்ளையில் வீணாவதையும் சேர்த்தால் சுவரில் சுமார் 65 வாட். தினமும் மூன்று மணி நேரம் முழுச்சுமையில் ஓட்டினால் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 12 யூனிட் வரும். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால்கூட ஒரு பில்லுக்கு நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். ஏசி, பிரிட்ஜ் இருக்கும் வீட்டில் இது கண்ணுக்கே தெரியாது. உங்கள் வீட்டுக் கணக்கு 500 யூனிட்டைத் தொட்டுக்கொண்டு நின்றால் மட்டும் கவனம் தேவை. அதைத் தாண்டினால் சலுகை விலை போய்விடும், அப்போது 12 யூனிட்டும் வலிக்கும்.

ரெண்டருக்கு வாட்டை மட்டும் பார்ப்பதைவிட, ஒரு வேலை முடிய மொத்தம் எவ்வளவு மின்சாரம் போனது என்று பார்ப்பதே சரியான அளவுகோல். 3060 பத்து நிமிடத்தில் 170 வாட்டில் முடிக்கும் ஃப்ரேமுக்கு 28 வாட்-மணி ஆகும். 4060 அதையே 20 சதவீதம் வேகமாக, 115 வாட்டில் முடித்தால் 16 வாட்-மணி போதும். இந்தக் கணக்கில் புது கார்டு அநியாயத்துக்கு நல்லது. காட்சி மெமரிக்குள் அடங்கும்வரை மட்டும்.

இந்த நிபந்தனையில்தான் உங்கள் தொழிலே இருக்கிறது. வெறும் வீட்டின் முகப்பு என்றால் 4060-இல் உள்ள 8 ஜிபி தாராளம். நான்கு வகை மரம், புல்வெளி, தரைக்கும் சுவருக்கும் 4கே டெக்ஸ்சர், உள்ளே சோபா வரை வைத்துவிட்டால் 8 ஜிபி சட்டென்று நிரம்பிவிடும். நிரம்பியதும் சைக்கிள்ஸ் கணினியின் ரேமில் இடம் தேடும், வேகம் படுத்துவிடும். அல்லது மெமரி போதவில்லை என்று ரெண்டரே நின்றுவிடும். ரேமுக்குப் போகும் வழியும் உங்களிடம் குறுகல். 4060 பிசிஐ எக்ஸ்பிரஸில் எட்டு லேன் மட்டுமே பயன்படுத்துகிறது. உங்கள் பி450 போர்டு மூன்றாம் தலைமுறை. அந்த எட்டு லேனும் அங்கே பாதி வேகத்தில்தான் ஓடும். 3060 பதினாறு லேனையும் எடுத்துக்கொள்ளும். இதுவரை செய்ததில் கனமான ஒரு காட்சியைத் திறந்து ரெண்டர் போட்டு, டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைப் பாருங்கள். டெடிகேட்டட், ஷேர்டு இரண்டு மெமரியையும் கூட்டினால் காட்சிக்குத் தேவையான இடம் தோராயமாகத் தெரியும். 7 ஜிபிக்குள் நின்றால் என் பதிலை மாற்றிக்கொண்டு 4060-ஐயே வாங்கலாம்.

யுபிஎஸ் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. பில்லைவிட இதுதான் பெரிய விஷயம். 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும். கேம் ஆடும்போது கார்டுக்கு 170, பிராசஸருக்கு 80, மற்றவைக்கு 40 என்று வைத்தால் 290. பவர் சப்ளை இழப்பைச் சேர்த்தால் 340. மானிட்டரும் அதே யுபிஎஸ்ஸில் இருந்தால் எல்லை தாண்டிவிடும். தவிர, இந்தக் கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்துக்குத் தம் அளவைத் தாண்டிக் குதிக்கும். கரண்ட் போகிற அந்த நொடியில் யுபிஎஸ் கீச்சென்று கத்திவிட்டு அணைந்துபோனால் ஆச்சரியமில்லை. 4060 என்றால் சுமார் 275, நிம்மதி.

ஆனால் இந்தச் சிக்கலுக்கு மருந்து உண்டு. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் பவர் லிமிட்டை 76 சதவீதத்தில் வைத்தால் 3060 ஏறக்குறைய 130 வாட்டோடு நின்றுவிடும். வேகம் அதே அளவுக்குக் குறையாது, பெரும்பாலும் பத்து சதவீதத்துக்குள்தான் குறையும். சிப்பின் மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்பதால், கடைசிச் சில மெகாஹெர்ட்ஸுக்குத்தான் மிக அதிகமாக வாட் செலவாகிறது. அதை விட்டுக்கொடுத்தால் கார்டும் குளிரும், மே மாதத்தில் உங்கள் அறையும் கொஞ்சம் குளிரும். விண்டோஸ் தொடங்கும்போதே ஆஃப்டர்பர்னரும் தொடங்கும்படி வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மறுபடி கணினியைப் போடும்போது பழைய அளவுக்குப் போய்விடும். கேமில் ஃப்ரேம் ரேட்டையும் 60-க்குக் கட்டிப் போடுங்கள். 8 ஜிபி கார்டை 12 ஜிபி ஆக்க இப்படியொரு வழியே இல்லை. நான் 3060 பக்கம் நிற்பது இதனால்தான்.

கையில் கூடுதல் பணம் இருந்தால் 2025-இல் வந்த 5060 டிஐ கார்டின் 16 ஜிபி வகை இரண்டையும் மிஞ்சும். ஆனால் அது 180 வாட், பவர் லிமிட்டைக் குறைக்காவிட்டால் யுபிஎஸ்ஸையும் மாற்ற வேண்டிவரும்.

வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். 3060 என்ற அதே பெயரில் 8 ஜிபி கார்டும் 2022 கடைசியில் வந்தது. அதில் மெமரிப் பாதையும் 128 பிட்தான், வேகமும் நன்றாகவே குறைவு. பெட்டியை நம்பாமல் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து 12,288 எம்பி, 192 பிட் என்று இரண்டு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். செகண்ட் ஹேண்ட் என்றால் விற்பவர் முன்னாலேயே அரை மணி நேரம் ரெண்டர் ஓட்டுங்கள். ஃபேன் சத்தமும் வெப்பமும் சீராக இருந்து, திரையில் புள்ளியோ கோடோ வராமல் இருந்தால், பில்லும் மிச்ச வாரண்டியும் கேட்டு வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்.