ஓடாத பழைய காருக்கு நாலரை லட்சமா?

கேள்வி: ஆண்டர்சன்பேட்டையில் ஒரு வீட்டுக் கொட்டகையில் 1964-ஆம் வருட ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் பல வருடங்களாக நிற்கிறது. என்ஜின் ஜாம், தரைத்தகடு துருப்பிடித்துவிட்டது. உரிமையாளர் காலமாகிவிட்டார். மூத்த மகன், "சுரங்க அதிகாரி ஓட்டிய வண்டி, எல்லாமே ஒரிஜினல்" என்று சொல்லி நாலரை லட்சம் கேட்கிறார். இதைத் தடுக்கச் சட்டம் உண்டா? அட்வான்ஸ் கொடுக்கலாமா?
- வாசகர், ராபர்ட்சன்பேட்டை, கே.ஜி.எஃப்.

பதில்: விலையைக் குறைக்கச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. அதிகபட்ச சில்லறை விலை என்பது பொட்டலமிட்ட சரக்குகளுக்கே. பழைய காருக்குக் கிடையாது. மனமொப்பிச் செய்த ஒப்பந்தம், கைமாறும் பொருளின் மதிப்பு குறைவு என்பதற்காக மட்டும் செல்லாமல் போகாது என்கிறது 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு. எவ்வளவு வேண்டுமானாலும் கேட்பது அவர் உரிமை. வேண்டாம் என்பது உங்கள் உரிமை. ஆனால், விற்க அவருக்கு அதிகாரம் உண்டா, சொல்வது உண்மையா என்ற இரண்டு இடங்களில் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது.

முதலில் அதிகாரம். தந்தை உயில் எழுதாமல் இறந்திருந்தால் கார் எல்லா வாரிசுகளுக்கும் சொந்தம். தனக்கில்லாத உரிமையை ஒருவர் விற்க முடியாது (சரக்கு விற்பனைச் சட்டம் 1930, பிரிவு 27). 2001 பிப்ரவரி 28-இல் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு நம் ஊர்ப் பிள்ளைகள் பல ஊர்களுக்குச் சிதறிவிட்டார்கள். வெளியூரில் இருக்கும் தம்பி, தங்கையின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். வாரிசு பெயருக்கு ஆர்.சி.யை மாற்றப் படிவம் 31. அதன் பிறகே உங்கள் பெயருக்கு 29, 30.

அடுத்து, அவர் வாய்ச்சொல். பொதுவாக, பார்த்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பு. ஆனால் "ஒரிஜினல் என்ஜின்" என்று விவரித்து விற்றால், பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும் (அதே சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 15). ஆகவே அதை எழுதி வாங்குங்கள். சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். சுரங்க அதிகாரி ஓட்டினாரா என்பதைப் பழைய உரிமையாளர் பெயர்களில் பாருங்கள். அங்கே இல்லையென்றால் அந்தக் கதைக்கு நீங்கள் பணம் தர வேண்டியதில்லை.

பழுது பார்க்கும் முன் இதையும் யோசியுங்கள். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவாகி 50 வருடம் கடந்த வண்டியை 'விண்டேஜ்' என்று பதியலாம். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். சேஸிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. ஜாம் ஆன என்ஜினை எடுத்துவிட்டு வேறு காரின் என்ஜினைப் பொருத்தினால் அந்தத் தகுதி போய்விடலாம். பழைய ஆர்.சி.யும் கேட்பார்கள். கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம்; தினமும் பங்காருப்பேட்டை போய்வர முடியாது. சாதாரணப் பதிவே போதும் என்றால், 15 வருடம் கடந்த வண்டிக்குப் புதுப்பித்தல் வேண்டும். அதற்கு வண்டி ஓடும் நிலையில் ஆய்வுக்குப் போக வேண்டும்.

ஆகவே அட்வான்ஸ் இப்போது வேண்டாம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி. நிலவரத்தை விசாரியுங்கள், மெக்கானிக்கிடம் செலவுக் கணக்கு வாங்குங்கள். அதைக் கழித்து உங்கள் விலையைச் சொல்லுங்கள். ஒத்துக்கொண்டால், "ஆவணம் சரியில்லையேல் முழுத்தொகையும் திருப்பித் தரப்படும்" என்ற வரியோடு ஒப்பந்தம் எழுதி, சிறு தொகையை வங்கி வழியாகக் கொடுங்கள். ஆர்.சி. புத்தகமே இல்லையென்றால், அந்தக் கார் எவ்வளவு அழகாக இருந்தாலும் இரும்பு விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.