கடல்நீர்த் தொட்டியின் மணலைக் காக்கும் நத்தைகள்

தறி வேலைக்கும் வயல் வேலைக்கும் துணையாக அலங்கார மீன் வளர்ப்பை மேற்கொண்ட அங்கத்தினர் சிலர், சென்னை கொளத்தூர்க் கடைகளைக் கண்டு வந்தபின், சிறிய கடல்நீர்த் தொட்டியும் வைத்துப் பார்க்க முற்பட்டுள்ளனர். திருத்தணி வட்டாரத்துச் சங்கங்களுக்கு நாம் செல்லும்போது அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே: “மணல் அழுக்கேறிப் போகிறது, எந்த நத்தையை வாங்கி விடலாம்?” இதற்கு விடை கூறுவதே இப்பாடத்தின் நோக்கம்.

மணல் ஏன் கெடுகிறது?

மீன் உண்ணாது விட்ட தீனி மணலில் தங்கி அழுகுகிறது. விளக்கொளி படும் மேற்பரப்பில் பழுப்புப் பாசி படர்கிறது. நீரோட்டம் எட்டாத அடிமணல் கறுத்து, கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வீசுகிறது. இவை மூன்றும் வெவ்வேறு குறைகள். ஆகையால் ‘சுத்தம் செய்யும் நத்தை’ என்று பொதுவாகக் கேட்டு வாங்குதல் தகாது. எக்குறைக்கு எந்நத்தை என்பதை முதலில் தெளிதல் வேண்டும்.

தக்கவை

மிஞ்சிய தீனிக்கு ஏற்றது நாசாரியஸ் என்னும் சிறு நத்தை. இது மணலுள் புதைந்து, மூச்சுக்குழலை மட்டும் வெளியே நீட்டிக் கிடக்கும். தீனியின் மணம் நீரில் பரவியவுடன் வெளிவந்து உண்ணும். புதைவதும் எழுவதுமாகிய இச்செயலால் மேல்மணல் கிளறப்படுகிறது. ஆனால் இது பாசியை உண்பதில்லை.

பாசிக்கு ஏற்றது செரித். நீண்டு கூர்ந்த ஓடுடைய இது, மணலின் மேலும் சற்று உள்ளும் ஊர்ந்து பாசியையும் மக்கிய பொருளையும் உண்ணும். இவ்விரண்டும் சேர்ந்தால் சிறு தொட்டிக்குப் போதும். இவை எளிதில் புதையும் வண்ணம் மணல் நுண்ணியதாக, ஓரிரு அங்குல ஆழத்துக்கு இருத்தல் நலம்.

தகாதவை

ட்ரோக்கஸ், டர்போ வகைகள் பாறையிலும் கண்ணாடியிலும் மேய்பவை. மணலுக்கு அவற்றால் பயனில்லை. மேலும் இவ்வினங்களுட் சில, 2001 ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஆகவே எந்நத்தையாயினும் அதன் வகைப்பெயரைக் கேட்டறிந்த பின்னரே வாங்குதல் வேண்டும்.

நாட்டிக்கா நத்தை உருண்டு பளபளப்பாக இருக்கும். ஆயினும் அது மணலுக்குள் சென்று சிப்பிகளின் ஓட்டில் துளையிட்டு உண்ணும் இயல்பினது. கூம்பு வடிவ கோனஸ் நத்தையோ நஞ்சுடையது. சில வகைகள் கொட்டினால் மனிதர் உயிருக்கே தீங்கு நேரும். கடற்கரையில் உயிருடன் கண்டால் கையால் எடுத்தலாகாது.

நம் மாவட்டத்துப் பழவேற்காட்டு ஏரிச் சேற்றில் செரித்தைப் போன்ற கொம்பு நத்தைகள் மிகுதி. அவை உப்பளவு மாறும் முகத்துவாரச் சேற்றில் வாழ்பவை. தோற்றத்தை மட்டும் நம்பி அவற்றை அள்ளி வருதல் தகாது.

எத்தனை விடலாம்?

60 லிட்டர்த் தொட்டிக்கு நாசாரியஸ் மூன்றும் செரித் மூன்றும் கொண்டு தொடங்கலாம். அதிகம் விட்டால் அதிகச் சுத்தம் என்பது தவறான கணக்கு. நத்தை உண்பதும் கழிவாகவே வெளிவரும். உண்ண ஏதுமில்லையேல் அது பட்டினியால் மடிந்து தானே அழுக்காகும். வேலையும் உணவும் உள்ள அளவுக்கே அங்கத்தினரைச் சேர்த்தல் தொட்டிக்கும் பொருந்தும்.

நாம் செய்த பிழை

சென்ற கோடையில் நம் வீட்டில் இத்தகைய தொட்டி ஒன்று வைத்திருந்தோம். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆகவே குறைந்த அளவுக்கு நன்னீர் ஊற்றுவதே முறை. அந்நீரை நாள்தோறும் செம்புக் குடத்திலிருந்து எடுத்து ஊற்றினோம். மீன்கள் நலமாயிருக்க, நத்தைகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்தன. வெயிலே காரணம் என்று எண்ணி, மேலும் ஆறு நத்தைகளை வாங்கி விட்டோம், அவையும் பிழைக்கவில்லை.

போர்டோக் கலவை தெளிக்கும் விவசாய அங்கத்தினர் இதைக் கேட்டவுடனே காரணத்தைச் சொல்லிவிட்டார். அக்கலவையிலுள்ள மயில்துத்தம் செம்பின் உப்பே. செம்பு நத்தையினத்துக்குக் கொடிய நஞ்சு. ஆகவே செம்பு, பித்தளைப் பாத்திரங்களையும், செம்பு கலந்த மீன் மருந்துகளையும் அறவே விலக்குக. சாயமோ பூச்சிமருந்தோ பட்ட கையைத் தொட்டிக்குள் இடாதிருக்க.

காக்கும் முறை

சமையல் உப்பு உதவாது. கடல்நீர்க்கென விற்கப்படும் உப்புக் கலவையே வேண்டும். ஒப்படர்த்தி 1.025 அளவில் நிலைத்திருக்கட்டும். புதிய நத்தையைத் திடீரென விடாமல், தொட்டி நீரை ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பழக்குக. திருத்தணிக் கோடை வெயில் 40 டிகிரி செல்சியஸைக் கடப்பது வழக்கம். சிறு தொட்டி விரைவில் சூடேறும். அதை நிழலில் வைத்து, நீரைக் காற்றுக் குழாயால் அசைத்து, 28 டிகிரிக்கு மேற்படாமல் காத்தல் வேண்டும். அசையாத நத்தையை எடுத்து முகர்ந்து பார்த்து, துர்நாற்றம் இருப்பின் உடனே அகற்றுக.

இவற்றோடு தீனியைக் குறைத்தலும், வாரந்தோறும் சிறிது நீரை மாற்றுதலும் நம் கடமை. நத்தை நமக்கு உதவியாளே அன்றி நமக்குப் பதிலாள் அன்று.

வினாக்கள்

1. நாசாரியஸ், செரித் ஆகியவற்றின் பணிகள் யாவை?
2. குறைந்த நீருக்கு ஈடாக நன்னீர் ஊற்றுவது ஏன்?
3. உங்கள் வீட்டில் தொட்டிக்கு ஆகாத பாத்திரங்கள் எவை?