பெரிய ஜெனரேட்டர் இருக்க, சின்னது எதற்கு?

செஞ்சியில் என் மாமா பந்தல்களுக்கு ஒலி, ஒளி அமைப்பவர். அவருடைய வேனிலேயே 15 கே.வி.ஏ. டீசல் ஜெனரேட்டர் பொருத்தியிருக்கிறது. போன ஆடி அமாவாசை இரவு, மேல்மலையனூர் சாலையில் ஓர் அன்னதானப் பந்தல். டீசல் குழாயில் காற்று புகுந்து எஞ்சின் நின்றுவிட்டது. கொதிக்கிற சாம்பார் அண்டா, கைக்குழந்தைகளோடு கூட்டம், கும்மிருட்டு! ஏர் எடுத்து ஸ்டார்ட் பண்ண இருபது நிமிஷம் ஆச்சு.

“சின்ன பெட்ரோல் செட் ஒண்ணு வாங்கிடுங்க மாமா” என்றேன்.

“பெருசு இருக்கிறப்ப அது எதுக்குடா மாப்ளே?”

நம் வகுப்புக் கணக்கையே போட்டுக் காட்டினேன். பவர் ஃபேக்டர் 0.8 என்றால், 15 கே.வி.ஏ. என்பது 12 கிலோவாட். நள்ளிரவுக்குப் பிறகு எரிவதோ 20 வாட் எல்.இ.டி. குழல்விளக்கு பத்து. மொத்தம் 200 வாட். 2 சதவீதம்கூட இல்லை! சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே வெகுநேரம் ஓடினால் டீசல் முழுக்க எரியாது. சைலன்சரில் கரியும் பிசுக்கும் படியும். அந்த வேலைக்கு 1 கே.வி.ஏ. தாராளம். பெரியது நின்றாலும் சமையல் பக்கம் வெளிச்சம் இருக்கும்.

ஆனால் நண்பர்களே, இரண்டையும் ஒரே லைனில் சேர்த்து ஓட்டிவிடாதீர்கள். வோல்டேஜ், ஃப்ரீக்வென்சி, ஃபேஸ் ஒத்துப்போகாவிட்டால் சின்னது காலி. நடுவில் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கட்டாயம். வேனுக்குள் வைத்தும் ஓட்டக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

மாமா வாங்கிவிட்டார். தூக்குகிற ஆள் நான்தான்!